மாவின் விலையும் மாவின் தரமும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நம் வடசென்னைத் தெருக்களில் ஒரு தனி மணம் எழும்பும். கடற்காற்றின் உப்பு வாடையோடும் காசிமேட்டுக் கருவாட்டு வாடையோடும் வெண்ணெயும் ஏலக்காயும் கலந்த கேக்கின் மணமும் சேர்ந்துகொள்ளும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு அறிவிப்பு வேண்டுமோ? கேக்கும் குல்குல்லும் அச்சு முறுக்கும் நம் வீட்டுக்கு மட்டுமா? பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியருக்கும் எதிர் வீட்டு இஸ்லாமியச் சகோதரியருக்கும் தட்டில் வைத்து அனுப்பினால்தான் பண்டிகை நிறைவு பெறும்.

இத்தகைய நாளில் மளிகைக் கடைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு ஒரு குழப்பம் ஏற்படுவதுண்டு. மூட்டையிலிருந்து அள்ளிப் போடும் சில்லறை மைதா ஒரு புறம். வண்ணப் பையில் அடைத்த மைதா மறு புறம். பெரிய கடைகளில் ரொட்டிக்கென்றே விற்கப்படும் விலை உயர்ந்த மாவு இன்னொரு புறம். எதை வாங்குவது? மலிவை வாங்கினால் பண்டம் கெட்டுவிடுமோ என்ற அச்சம். விலை உயர்ந்ததை வாங்கினால் கைப்பணம் கரைந்துவிடுமே என்ற கவலை. மனையியல் பிரிவு மாணவியராகிய எங்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. அதற்கு நாங்கள் விடை தேடிய விதத்தை இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கேள்வி பிறந்த கதை

ஆண்டுதோறும் எங்கள் பிரிவினர் முதியோர் இல்லத்துப் பெரியோருக்குக் கேக் செய்து அளிப்பது வழக்கம். அதற்காக ஆளுக்கு அரைக் கிலோ மைதா கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்கள். மறுநாள் மேசைமீது வண்ண வண்ணப் பைகள் வரிசையாக அமர்ந்தன. எங்களுள் ஒருத்தி மட்டும் தன் பையைத் திறக்கவே இல்லை. அவள் தந்தை நாட்கூலிக்குச் சுமை தூக்குபவர். தெருமுனைக் கடையில் நிறுத்து வாங்கிய மாவை ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"ஏன் மறைக்கிறாய்?" என்று ஆசிரியை கேட்டார்கள்.

"மிஸ், எங்கள் வீட்டு மாவு மட்டமான மாவு. கலந்தால் எல்லாருடைய கேக்கும் கெட்டுப்போகும்" என்று அவள் தலைகுனிந்து சொன்னாள்.

ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மட்டம் என்று யார் சொன்னது? விலைச் சீட்டா, மாவா? மாவையே கேட்டுப் பார்ப்போம்" என்றார்கள். அன்றைய பாடம் அப்படித்தான் தொடங்கியது.

சோதனைக்காக மூன்று வகை மாவை எடுத்துக்கொண்டோம். அந்தத் தோழி கொண்டுவந்த சில்லறை மைதா முதலாவது. அதன் விலை கிலோ 45 ரூபாய். பையில் அடைத்து விற்கும் மைதா இரண்டாவது. அது 65 ரூபாய். ரொட்டி மாவு என்று அச்சிட்ட பை மூன்றாவது. அது 140 ரூபாய். மூன்றையும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் கொட்டி 1, 2, 3 என்று எண் இட்டோம்.

கோதுமை மணிக்குள் இருப்பது என்ன?

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளை அறிந்துகொள்வது அவசியமன்றோ? ஒரு கோதுமை மணியை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். மேலே இருப்பது தவிடு. இது மணியின் எடையில் 100க்கு ஏறத்தாழ 14 பங்கு. ஓரத்தில் ஒட்டியிருப்பது முளை. இது 2 அல்லது 3 பங்கே ஆகும். எஞ்சிய 83 பங்கும் நடுவில் உள்ள வெண்மையான மாவுப் பகுதி. ஆலையில் இரும்பு உருளைகளுக்கிடையே மணியை உடைத்து, தவிட்டையும் முளையையும் விலக்கி, நடுப் பகுதியை மட்டும் மென்மையாக அரைத்து நுண்ணிய சல்லடைகளில் சலித்தால் கிடைப்பது மைதா. அதே பகுதி சற்றுப் பருமனாக நின்றால் ரவை. தவிடு முளையோடு முழு மணியையும் அரைத்தால் ஆட்டா என்னும் கோதுமை மாவு. ஆக, மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகளே.

மைதாவோடு தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது ஓர் அற்புதம் நிகழ்கிறது. மாவிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் நீரில் நனைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் வலையாகின்றன. கிளையடின் மாவுக்கு இழுபடும் தன்மையைத் தருகிறது. குளூட்டெனின் இழுத்ததை மீண்டும் சுருக்கும் வலிமையைத் தருகிறது. பரோட்டா மாவு வீச வீச விரிவதும், ரொட்டி மாவு உப்பி நிற்பதும் இந்த வலையினால்தான். இத்தாலி நாட்டுப் பொலோன்யா நகரத்து அறிஞரான பெக்காரி என்பவர் கோதுமை மாவிலிருந்து இப்பொருளைத் தனியே பிரித்தெடுத்த விவரம் 1745ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அவர் செய்த அதே சோதனையை நாமும் நம் சமையலறைக் குழாயடியில் செய்யலாம் என்பது மகிழ்ச்சிக்குரியது.

முதற் சோதனை: நிறம்

ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் மூன்று மாவையும் பக்கம் பக்கமாக வைத்துக் கத்தியின் தட்டையான பக்கத்தால் அழுத்தினோம். பிறகு தகட்டைச் சாய்வாகப் பிடித்து மெல்ல நீரில் நனைத்து எடுத்தோம். உலர்ந்த மாவில் தெரியாத தவிட்டுத் துகள்கள் நனைந்ததும் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. முதல் கிண்ணத்து மாவில் புள்ளிகள் சற்று அதிகம். அதாவது, ஆலையில் சலிப்பு சிறிது தளர்ந்திருக்கிறது. இது அழகில் ஒரு குறையே தவிர, உடலுக்குக் கேடு ஆகாது.

ஆய்வுக்கூடங்களிலும் இதையே வேறு வழியில் அளக்கிறார்கள். மாவை எரித்து எஞ்சும் சாம்பலை நிறுப்பார்கள். உலோகச் சத்துகள் தவிட்டில்தான் மிகுதி. ஆகவே சாம்பல் கூடினால் தவிடு கூடியிருக்கிறது என்று பொருள். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் உலர் எடையில் மைதாவின் சாம்பல் 1 சதவீதத்தையும் ஆட்டாவின் சாம்பல் 2 சதவீதத்தையும் மிஞ்சக் கூடாது என்று வகுத்தன. மைதாவில் குளூட்டன் 7.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்பதும் அவ்விதிகளிலேயே உள்ளன. 45 ரூபாய் மாவுக்கும் 140 ரூபாய் மாவுக்கும் சட்டம் ஒன்றே என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

நிறத்தைக் கண்டு மயங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் இளமையாக இருந்த காலத்தில் மாவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அரிதாக இருந்தது. பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமையைப் பெற 1956ஆம் ஆண்டில் நம் நாடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மழை பொய்த்த 1966ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேற்பட்ட உணவுத் தானியம் அயல்நாடுகளிலிருந்து வந்தது. கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. தானியக் கப்பல்களை வரவேற்ற துறைமுகங்களுள் நம் சென்னைத் துறைமுகமும் ஒன்று.

அதே 1966இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. விளைச்சல் அமோகமாக இருந்தும், மணி சிவப்பாக இருந்ததால் மக்கள் அதை விரும்பவில்லை. பிறகு நம் அறிவியலாளர்கள் பொன்னிற மணிகளைத் தரும் கல்யாண் சோனா, சோனாலிகா ஆகிய ரகங்களை உருவாக்கினார்கள். அம்முயற்சிகளின் முன்னணியில் நின்றவர், கும்பகோணத்தில் பிறந்து 2023இல் சென்னையில் மறைந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் என்பது தமிழராகிய நமக்குப் பெருமை. பசித்த நாட்டிலும் நிறம் பார்த்தே தானியம் வாங்கினார்கள் என்றால், இன்று வெண்மையைத் தரம் என்று நாம் எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அது தவறு.

இரண்டாம் சோதனை: கழுவிப் பார்த்தல்

ஒவ்வொரு மாவிலும் 50 கிராம் எடுத்து, 30 மில்லி நீர் விட்டு நன்றாகப் பிசைந்து உருட்டினோம். உருண்டைகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்தோம். பிறகு மெல்லிய நூலாக வழியும் குழாய் நீரில் உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவினோம். முதலில் பால் போல் வெள்ளை நீர் ஓடியது, அது மாவுச்சத்து. நீர் தெளிந்த பின் கையில் ரப்பர் போன்ற பழுப்பு உருண்டை மட்டும் நின்றது. அதுவே குளூட்டன்.

முதல் இரண்டு கிண்ணத்து மாவும் ஏறக்குறைய ஒரே அளவில், நெல்லிக்காய் அளவு உருண்டையைத் தந்தன. மூன்றாவது மாவு சிறு எலுமிச்சை அளவில் ஒன்றைத் தந்தது. இழுத்துப் பார்த்தால் அது அறுபடாமல் நெடுந்தூரம் நீண்டது. "பார்த்தீர்களா, விலை உயர்ந்த மாவுதான் உயர்ந்தது!" என்று எங்களுள் சிலர் கூவிவிட்டோம். ஆசிரியை சிரித்தார்கள். "வலிமை அதிகம் என்று சொல்லுங்கள். உயர்வா தாழ்வா என்பதை ஓவன் சொல்லட்டும்" என்றார்கள்.

மூன்றாம் சோதனை: கேக்கும் ரொட்டியும்

ஒரே அளவு வெண்ணெய், சர்க்கரை, முட்டை சேர்த்து மூன்று கேக்குகள் செய்தோம். ஒரே சூட்டில் வேகவைத்து ஆறிய பின் துண்டு போட்டு, எண் மட்டும் எழுதிய தட்டுகளில் வைத்து அருட்சகோதரிகளிடம் கொண்டுபோனோம். எந்தத் தட்டு எந்த மாவு என்று அவர்களுக்குத் தெரியாது.

முதல் தட்டையும் இரண்டாம் தட்டையும் வேறு பிரிக்க எவராலும் இயலவில்லை. மூன்றாம் தட்டில்தான் குறை கண்டார்கள். மேற்புறம் கூம்பி வெடித்திருந்தது. கடிக்கும்போது சற்று இழுவையாக இருந்தது. 140 ரூபாய் மாவில் செய்த கேக் அதுவே! காரணம் எளிது. கேக்குக்கு மென்மை வேண்டும். உறுதியான வலை அங்கே இடைஞ்சல். கேக் கலவையை மாவு சேர்த்த பின் அதிக நேரம் அடிக்கக் கூடாது என்று அன்னையர் சொல்வதும் இதனால்தான். அடிக்க அடிக்க வலை பின்னும், கேக் இறுகும்.

மறுநாள் அதே மூன்று மாவிலும் ஈஸ்ட் சேர்த்து ரொட்டி செய்தோம். இம்முறை நிலைமை தலைகீழாயிற்று. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து நிறுத்த வலிய வலை தேவை. மூன்றாம் மாவு பலூனைப் போல உப்பி, உயர்ந்த ரொட்டியாக வந்தது. இரண்டாவது நடுத்தரம். முதலாவது பக்கவாட்டில் பரந்து தாழ்ந்துவிட்டது. சுவையில் குறையில்லை, உயரத்தில்தான் குறை.

எனவே நாங்கள் கண்ட முதல் உண்மை இதுதான்: நல்ல மாவு, கெட்ட மாவு என்று விலையைக் கொண்டு பிரிக்க முடியாது. செய்யும் பண்டத்துக்குப் பொருந்தும் மாவு, பொருந்தாத மாவு என்றே பிரிக்க வேண்டும். கேக், பிஸ்கட், குல்குல் முதலியவற்றுக்கு 100 கிராமில் 8 முதல் 10 கிராம் புரதம் உள்ள மாவு போதும். ரொட்டிக்கும் பன்னுக்கும் 11 முதல் 13 கிராம் இருந்தால் நலம். பையின் பின்புறத்தில் உள்ள சத்துப் பட்டியலில் இந்த எண்ணைக் காணலாம். பையின் முன்புறத்துப் படத்தைவிட இந்த எண்ணே பயன் தரும். சாதாரண மைதாவை இன்னும் மென்மையாக்க வேண்டுமானால், ஒரு கோப்பை மாவில் 2 மேசைக்கரண்டி எடுத்துவிட்டு அதே அளவு சோளமாவு, அதாவது கார்ன்ஃப்ளவர், சேர்த்து இருமுறை சலித்தால் போதும். கேக் மாவு என்று தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆட்டாவைப் பற்றி ஒரு சொல். அதன் பட்டியலில் புரதம் மைதாவைவிடக் கூடுதலாகவும் காட்டியிருக்கலாம். ஆனால் தவிட்டிலும் முளையிலும் உள்ள புரதம் குளூட்டன் வலையைப் பின்னாது. தவிட்டுத் துகள்கள் வலையை அறுக்கவும் செய்யும். அதனால்தான் முழுக் கோதுமை ரொட்டி கனமாக அமைகிறது. ஆயினும் நார்ச்சத்து மிகுந்த ஆட்டாவே அன்றாட உணவுக்கு ஏற்றது. மைதாப் பண்டம் பண்டிகைக்கு ஏற்றது. கேக்கிலும் பிஸ்கட்டிலும் மைதாவில் பாதிக்கு ஆட்டாவைச் சேர்த்து, சிறிது பாலைக் கூட்டிக்கொண்டால் சுவை கெடுவதில்லை. நியாய விலைக் கடையில் கோதுமை கிடைக்கும் மாதங்களில் அதைக் கல் நீக்கிக் காயவைத்து, மாவு மில்லில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம். புதிதாக அரைத்த மாவின் மணம் எந்த விலை உயர்ந்த பையிலும் வராது.

பணக் கணக்கு

இனி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கேக்குக்கு 250 கிராம் மைதா. சில்லறை மாவானால் 11 ரூபாய் 25 காசு. ரொட்டி மாவானால் 35 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 24 ரூபாய். அப்பணத்துக்கு ஒரு பிடி முந்திரியோ, மூன்று முட்டையோ வாங்கலாம். கேக்கில் சுவையைக் கூட்டுபவை வெண்ணெய், முட்டை, உலர்ந்த பழங்கள் ஆகியவையே. மாவு அவற்றைத் தாங்கும் தோழி மட்டுமே. ஆகவே கேக்குக்கு மாவில் சிக்கனம் காட்டலாம்.

ரொட்டியில் அப்படியன்று. அங்கே மாவே உடலும் உயிரும். ஆகவே வாரந்தோறும் வீட்டில் ரொட்டி சுடும் இல்லங்கள் புரதம் மிகுந்த மாவுக்குக் கூடுதலாகச் செலவிடுவது வீணாகாது. வசதி இல்லையெனில், சாதாரண மைதாவையே நீண்ட நேரம் பிசைந்து, நிதானமாகப் புளிக்கவிட்டு, அச்சுப் பாத்திரத்தில் வைத்துச் சுட்டால் பக்கவாட்டில் பரவாது. பணம் செய்யும் வேலையைப் பாதியளவு பொறுமையும் செய்யும்.

ஆங்கிலேயச் சமையல் நூல்களைப் பார்த்துச் செய்பவர்கள், தானே உப்பும் மாவு என்ற பொருளைக் கடையில் தேடி அலைவதுண்டு. இம்மாவை உருவாக்கி 1845இல் காப்புரிமை பெற்றவர் பிரிஸ்டல் துறைமுக நகரத்து ரொட்டிக்காரரான ஹென்றி ஜோன்ஸ். கப்பலில் மாதக் கணக்கில் காய்ந்த பிஸ்கட்டையே உண்ட மாலுமிகளுக்குப் புது ரொட்டி கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு கோப்பை மைதாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்து மும்முறை சலித்தால் அதுவே தானே உப்பும் மாவு!

மலிவு எப்போது நட்டமாகிறது?

இதுவரை படித்தவர்கள், மலிவு மாவே போதும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எங்களுக்கே ஒரு படிப்பினை கிட்டியது. பொங்கலுக்குப் பின் பிஸ்கட் செய்வதற்காக மீண்டும் சில்லறை மைதா வாங்கினோம். அதே விலை, அதே நிறம். பொட்டலத்தைப் பிரித்ததும் மக்கிய வாடை வீசியது. சல்லடையில் நூலாம்படை போல மாவு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வண்டுகளும் ஓடின. ஒரு கிலோவையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று அந்த 45 ரூபாய் மாவே எல்லாவற்றிலும் விலை உயர்ந்த மாவாக முடிந்தது.

பையில் அடைத்த மாவுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் 20 ரூபாய் எதற்கு என்பது அப்போது விளங்கிற்று. விளம்பரத்துக்கும் வண்ணப் படத்துக்கும் ஒரு பங்கு போகிறது என்பது உண்மையே. ஆனால் அரைத்த தேதி, பயன்படுத்த வேண்டிய காலம், உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான மாவு என்ற உறுதி ஆகியவற்றுக்கும் அதிலே பங்கு உண்டு. சில்லறை மாவில் இவற்றுக்கெல்லாம் கடைக்காரரின் நாணயம் ஒன்றே உத்தரவாதம். விற்பனை விறுவிறுப்பாக நடக்கும் கடையில், அன்று பிரித்த மூட்டையிலிருந்து வாங்குவது நல்லது. வாங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பாருங்கள். நாவில் வைத்துப் பாருங்கள். நல்ல மாவுக்கு இளம் இனிப்பு உண்டு. புளிப்போ கசப்போ தட்டினால் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

நம் பகுதிக்கு மற்றொரு எச்சரிக்கையும் தேவை. கடலை ஒட்டிய ஊரில் காற்றின் ஈரத்தை மாவு உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறினால் பூஞ்சையும் வண்டும் ஏறும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 5 கிலோ வாங்கி மூட்டையாக வைக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, வெயிலில் உலர்த்திய எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வையுங்கள். ஈரக் கரண்டி விடாதீர்கள். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் புது மாவை நான்கு நாள் உறைநிலை அறையில் வைத்து எடுத்தால் வண்டின் முட்டைகள் அழியும். ஆட்டாவில் முளையின் எண்ணெய் உள்ளதால் அது மைதாவைவிட விரைவில் கெடும் என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோர் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு உண்டு. ரொட்டி உப்புவதற்காக மாவில் முன்பு சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட் என்ற பொருளை, உடல் நலம் கருதி 2016ஆம் ஆண்டில் நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவை சேர்த்த மாவுப் பைகளில் எஃப் என்ற ஆங்கில எழுத்தோடு கூட்டல் குறியும் இருக்கும். வளரும் பெண் பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை வராமல் காக்க இரும்பும் ஃபோலிக் அமிலமும் துணை செய்வதால், விலையில் பெரிய வேறுபாடு இல்லையெனில் அந்தப் பையைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

பீடத்தில் வைக்கும் அப்பம்

இறுதியாக ஒன்று. மாவில் செய்யும் பொருள்களிலெல்லாம் மேலானது எது என்று கேட்டால், நற்கருணைக்குரிய அப்பம் என்றே நாம் அனைவரும் சொல்வோம். அதற்கான மாவைத் திருச்சபை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் சட்டம், அந்த அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும், கெட்டுப்போகும் ஆபத்து இல்லாதபடி அண்மையில் செய்ததாகவும் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கோதுமை ஒவ்வாதவர்களுக்குக் குளூட்டன் குறைந்த அப்பம் அனுமதிக்கப்படும் என்றும், குளூட்டன் அறவே இல்லாதது பொருந்தாது என்றும் உரோமை 2003இல் விளக்கியது. 2017இல் மீண்டும் வலியுறுத்தியது.

இந்தச் சட்டத்தில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கலப்படம் இல்லாமை, புதுமை, பொருளின் இயல்பு மாறாமை ஆகிய இவ்வளவே கேட்கப்படுகின்றன. பீடத்தில் வைக்கும் அப்பத்துக்கே இந்த அளவுகோல் போதுமானால், நம் வீட்டு அடுப்பில் வேகும் பண்டத்துக்கு வேறு அளவுகோல் எதற்கு? மாவு தூயதா, புதியதா, செய்யும் பண்டத்துக்குப் பொருந்துவதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், விலை குறைவு என்பது ஒரு குறையன்று. அது வீட்டுக்குக் கிடைத்த இலாபம்.

அந்த ஆண்டு முதியோர் இல்லத்துக்குச் செய்த கேக்குகளில் முதல் கிண்ணத்து மாவும் மற்றவற்றோடு கலந்தது. இருமுறை சலித்துக் கலந்தோம், அவ்வளவே. பெரியோர் விரும்பிச் சாப்பிட்டார்கள். ஒரு பாட்டியார் இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை ஆசிரியை மாவு கொண்டுவரச் சொன்னபோது, மேசைமீது முதலில் வந்து அமர்ந்தது வண்ணப் பை அன்று. முடிச்சிட்ட அந்தப் பிளாஸ்டிக் பையே. அதை வைத்தவள் தலைகுனியவில்லை.

தோழியரே, வரும் பண்டிகைக்குக் கடைக்குச் செல்லும்போது அன்னையரின் கையைப் பற்றிக்கொண்டு நீங்களும் செல்லுங்கள். பையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், தேதியைப் படியுங்கள், மாவை முகர்ந்து பாருங்கள். பிறகு உங்கள் இல்லத்தின் கைக்கு எட்டிய மாவை மனநிறைவோடு வாங்குங்கள். பிசையும் கையும் பகிரும் மனமும் தூயனவாக இருக்கட்டும். உங்கள் இல்லத்து அடுப்பில் வேகும் ஒவ்வொரு துண்டையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக!

— மேனிலை இரண்டாம் ஆண்டு, மனையியல் பிரிவு மாணவியர்